கோல் அடிக்க வந்தவர், கோலைத் தடுக்கும் சுவரானது எப்படி? வெலிங்டன் தந்த பீட்டர் தங்கராஜின் கதை

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று தோற்கடித்து, சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆன நாள். பேர்தான் சென்னை. ஹோம் கிரவுண்ட் நம்ம கோவை. அந்த சீசனில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி பெயரை அன்றைக்கு கேலரியில் இருந்த பசங்க இன்னும் மறந்திருக்க மாட்டாங்க. ஸ்ட்ரைக்கர் பெயர் என்றைக்கும் நினைவில் நிற்கும். கோல் போஸ்ட்டுக்கு முன்னால் நின்றவர் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்போம்.

அதே ஸ்டேடியத்தில் இருந்து மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்து, பர்லியாறு தாண்டி மலை ஏறினால், குன்னூரை ஒட்டி வருகிற ஊர் வெலிங்டன். இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். 1950-களில் அந்த ஊர் ராணுவ முகாமில் இருந்து கிளம்பிய ஒரு ஃபுட்பால் அணி, டெல்லி வரை போய் இந்தியாவின் பழமையான கோப்பையை இரண்டு முறை ஜெயித்தது. அந்த அணியில் சென்டர் ஃபார்வர்டாகச் சேர்ந்த ஒரு பையன், பிறகு ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் ஆனார். அவர்தான் பீட்டர் தங்கராஜ்.

2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தைப் பார்த்திருந்தால், 1962 ஜகார்த்தா ஃபைனலில் கோல் போஸ்ட்டில் நிற்கும் அந்த உயரமான மனிதர் ஞாபகத்துக்கு வரலாம். படம் சொல்லும் கதையின் நாயகன் பயிற்சியாளர் ரஹீம். தங்கராஜின் சொந்தக் கதை வேறொரு இடத்தில், நம்ம பக்கத்து மலையில் திருப்பம் எடுக்கிறது.

முதலில், ஏணி என்றால் என்ன?

கீழ்மட்ட லீக்கில் இருந்து மேலே வந்த ஸ்ட்ரைக்கர் என்றதும் இப்போ எல்லோரும் சொல்வது ஜேமி வார்டி பெயரைத்தான். உயரம் பத்தாது என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் 16 வயதில் வெளியே அனுப்பியது. ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன கிளப்புகளில் ஆடினார். 2012-ல் ஐந்தாம் நிலை லீக்கில் இருந்த ஃப்ளீட்வுட் டவுனில் இருந்து 10 லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. நான்கே வருஷத்தில், 2016-ல், பிரீமியர் லீக் சாம்பியன்.

வார்டிக்கு ரொம்ப முன்னாடியே ஆர்தர் ரௌலி இருந்தார். இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் மொத்தம் 434 கோல். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. ஆனா அந்தக் கோல்களில் பெரும்பகுதி முதல் டிவிஷனுக்குக் கீழே அடித்தவை. 1958-ல் இங்கிலாந்தில் நான்காவது டிவிஷன் தொடங்கியபோது, அதில் ஷ்ரூஸ்பரி டவுன் அணிக்கு ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்தார்.

இவங்க இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஏறுவதற்கு ஒரு ஏணி இருந்தது. ஐந்தாம் நிலை, நான்காம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று படி படியாக. கீழ்ப்படியில் நின்றாலும் கோல் கணக்கு எழுதப்படும். யாராவது ஒருவர் பார்த்து மேலே இழுத்துக்கொள்வார்.

அதே 1950-களில் இந்தியாவில் தேசிய லீக் என்றே ஒன்று கிடையாது. அது வந்தது 1996-ல்தான். அப்போ ஒரு திறமையான பையன் எப்படி மேலே வருவான்? வேலை வழியாக. ராணுவம், போலீஸ், ரயில்வே, பெரிய மில், எண்ணெய் கம்பெனி என்று எங்கே அணி இருக்கிறதோ அங்கே வேலைக்குச் சேர வேண்டும். மாசச் சம்பளம் வேலைக்கு; ஆட்டம் அணிக்கு. அந்த அணி டூராண்ட், ரோவர்ஸ் மாதிரி பெரிய டோர்னமென்ட்டுக்குப் போனால், அங்கே பெரிய கிளப்காரர்களும் தேர்வாளர்களும் பார்ப்பார்கள். இதுதான் அன்றைய ஏணி.

தங்கராஜ் ஏறிய படிகள் எல்லாம் இந்த ஏணியில்தான் இருந்தன.

ஹைதராபாத் பையன்

பீட்டர் தங்கராஜ் பிறந்தது 1935 டிசம்பர் 24, ஹைதராபாத்தில். அப்போ அது நிஜாம் ஆட்சியில் இருந்த ஊர். பக்கத்திலேயே செகந்திராபாத் கன்டோன்மென்ட். ராணுவம் இருக்கிற இடத்தில் ஃபுட்பால் தானாக வளரும். வெள்ளைக்கார சிப்பாய்கள் ஆடியதை உள்ளூர்ப் பசங்க பார்த்தார்கள், பிறகு அவங்களே ஆட ஆரம்பித்தார்கள்.

அவர் வளர்ந்த காலம் ஹைதராபாத் ஃபுட்பாலுக்குப் பொற்காலம். சையத் அப்துல் ரஹீம் என்ற பள்ளி ஆசிரியர் ஹைதராபாத் போலீஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அந்தப் பக்கத்தில் இருந்து அடுத்த பத்து வருஷத்துக்கு இந்திய அணிக்கு வீரர்கள் வரிசையாக வந்தார்கள். செகந்திராபாத்காரரான துளசிதாஸ் பலராம் அவர்களில் ஒருவர். பின்னால் தங்கராஜுடன் ரோமிலும் ஜகார்த்தாவிலும் சேர்ந்து ஆடியவர்.

தங்கராஜ் ஆடத் தொடங்கியது மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் கிளப்புகளில். இன்றைய கணக்கில் சொன்னால், மாவட்ட லீக் மட்டத்துக் கிளப்புகள். அங்கிருந்து நேராக ஹைதராபாத் போலீஸுக்கோ கொல்கத்தாவுக்கோ அவர் போகவில்லை. ராணுவத்தில் சேர்ந்தார்.

1953: மலை ஏறிய சென்டர் ஃபார்வர்ட்

1953-ல் அவர் சேர்ந்தது மெட்ராஸ் ரெஜிமென்ட்டில். இந்திய ராணுவத்தின் மிகப் பழமையான காலாட்படைப் பிரிவு இது, தொடக்கம் 1750-களில். இந்தப் பிரிவின் பயிற்சித் தலைமையிடம்தான் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். சுருக்கமாக எம்ஆர்சி. கோவையில் இருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறவர்கள் தாண்டிப் போகிற இடம் இது. மலை ரயிலில் போனால் குன்னூருக்கு அடுத்து வெலிங்டன் என்றே ஒரு ஸ்டேஷன் வரும்.

கடல் மட்டத்தில் இருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். காற்றில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைவு. அந்த உயரத்தில் ஓடிப் பழகியவர்கள் கீழே சமவெளியில் ஆடும்போது மூச்சு வாங்குவது குறையும். இன்றைக்கு விளையாட்டு வீரர்கள் காசு கொடுத்து மலையில் முகாம் போடுவது இதற்காகத்தான். வெலிங்டன் சிப்பாய்களுக்கு அது தினசரி வாழ்க்கை.

அங்கே எம்ஆர்சி அணியில் தங்கராஜ் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. எதிரணியின் நடு டிஃபெண்டர்களோடு மோதிக்கொண்டு, கிராஸ் வந்தால் தலையால் முட்டி, கோல் அடிக்கிற வேலை. ஆறடிக்கு மேல் உயரம் கொண்ட பையனை அந்த இடத்தில் நிறுத்துவது இயல்புதான்.

பிறகு அணியில் அவர் இடம் மாறியது. சென்டர் ஃபார்வர்ட், கோல்கீப்பர் ஆனார்.

இது எவ்வளவு பெரிய மாற்றம்?

ஆபீஸ் பாஷையில் சொன்னால், சேல்ஸில் இருந்தவரை ஆடிட்டுக்கு மாற்றுவது மாதிரி. மற்ற பத்து பேரும் காலால் ஆடும்போது இவர் மட்டும் கையால் ஆட வேண்டும். ஃபார்வர்ட் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை அடித்தால் ஹீரோ. கீப்பர் பத்து முறை பிடித்து ஒரு முறை விட்டால், அந்த ஒன்றைத்தான் ஊர் பேசும். கோல் அடிக்கிற ஆசையில் வந்த பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையனுக்கு இது இறக்கமாகவே தெரிந்திருக்கலாம்.

ஆனா ஃபார்வர்டாக ஆடியவர் கீப்பர் ஆவதில் சில லாபங்கள் உண்டு. ஒன்று, எதிரில் ஓடி வருகிற ஃபார்வர்ட் என்ன நினைக்கிறான் என்பது தெரியும். எந்தக் காலை ஊன்றுகிறான், எந்தப் பக்கம் உடம்பைச் சாய்க்கிறான் என்பதைப் பார்த்தே பந்து போகும் திசையைக் கணிக்கலாம். இரண்டு, கிராஸ் பந்து. உயரே வரும் பந்து எங்கே இறங்கும் என்று கணக்கிடுவது தலையால் முட்டுகிறவனுக்கும் அதைப் பிடிக்கிறவனுக்கும் ஒரே கணக்குதான். கையை நீட்டினால், முட்டுகிறவனைவிட இரண்டடி மேலேயே பந்தை எடுத்துவிடலாம். மூன்று, கூட்டத்தில் மோதப் பயம் இருக்காது.

அன்றைய சூழலையும் சேர்த்துப் பாருங்க. இன்றைக்கு இருக்கிற மாதிரி பந்து ஒட்டிக்கொள்கிற கையுறை எல்லாம் கிடையாது. தோல் பந்து, மழையில் நனைந்தால் கனம் ஏறிவிடும். கீப்பர் பந்தைப் பிடித்திருந்தாலும் தோளால் இடித்துத் தள்ளுவது அப்போ சாதாரணம். அந்த ஆட்டத்தில் உயரமும் பலமும் உள்ள கீப்பர் ஒரு சொத்து.

இந்திய ஃபுட்பாலும் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. அடுத்த வருஷம் தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்தார். அதாவது, வெறுங்கால் தலைமுறை முடிந்து பூட்ஸ் தலைமுறை தொடங்கிய வாசலில் வந்து நின்றவர் அவர்.

டூராண்ட் கோப்பை: வெலிங்டனில் இருந்து டெல்லிக்கு

டூராண்ட் கோப்பை 1888-ல் சிம்லாவில் தொடங்கியது. ஆசியாவிலேயே பழைய ஃபுட்பால் டோர்னமென்ட். ஆரம்பத்தில் பிரிட்டிஷ் ராணுவ அணிகளே ஜெயித்துக்கொண்டிருந்தன. 1940-ல் முகமதன் ஸ்போர்ட்டிங்தான் அதை வென்ற முதல் இந்திய அணி. சுதந்திரத்துக்குப் பிறகு மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், ஹைதராபாத் போலீஸ் மாதிரி பெரிய பெயர்கள் ஆதிக்கம் செலுத்திய கோப்பை.

அந்த வரிசையில் 1955-ல் ஒரு புதுப் பெயர் ஏறியது: மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். மூன்றே வருஷத்தில், 1958-ல், மீண்டும் அதே பெயர். இரண்டு முறையும் அந்த அணியின் தூணாக இருந்தவர் தங்கராஜ். கொல்கத்தா மாதிரி ஃபுட்பால் பைத்தியம் பிடித்த ஊரில் இருந்து வந்த அணி இல்லை இது. பெரிய பணக்காரர் யாரும் பின்னால் இல்லை. காலையில் பரேடு, மாலையில் பிராக்டீஸ் என்று இருந்த சிப்பாய்கள்.

இங்கிலாந்தில் ரௌலி நான்காவது டிவிஷனில் கோல் அடித்துக்கொண்டிருந்த அதே 1958-ல், நம்ம பக்கத்து மலையில் இருந்து போன அணி நாட்டின் பெரிய கோப்பையைத் தூக்கியது. ஏணி வேறு, ஏறிய உழைப்பு ஒன்றுதான்.

இந்திய ஜெர்சியில்

முதல் டூராண்ட் வெற்றி வந்த 1955-லேயே, டாக்காவில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் அவர் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார். ராணுவத்தில் சேர்ந்து இரண்டே வருஷம். கீப்பர் ஆகி அதைவிடக் குறைவான காலம்.

அடுத்து 1956 மெல்போர்ன் ஒலிம்பிக். பயிற்சியாளர் ரஹீம். அணியில் எஸ்.எஸ். நாராயண், தங்கராஜ் என்று இரண்டு கோல்கீப்பர்கள். ஹங்கேரி விலகியதால் முதல் சுற்று ஆடாமலே கடந்தது. கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசோசா ஹாட்ரிக். அரை இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்று தோல்வி. நான்காம் இடம். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியாவின் உச்சம் இன்றுவரை அதுதான்.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டிலும் நான்காம் இடம். ஆனா அந்த வருஷம் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தங்கராஜ் தேர்வு செய்யப்பட்டார். வெலிங்டனில் சென்டர் ஃபார்வர்டாகப் பந்து உதைத்த பையன், ஐந்தே வருஷத்தில் ஒரு கண்டத்தின் சிறந்த கீப்பர். அணி மாற்றியது வீணாகவில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா இருந்தது கடினமான குரூப். ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோல்வி. அந்த ஹங்கேரிதான் பிறகு வெண்கலம் வென்றது. பிரான்ஸுக்கு எதிராக பி.கே. பானர்ஜி கோலில் முன்னிலை. கடைசி பத்து நிமிடத்துக்குள் பிரான்ஸ் சமன் செய்ய 1-1. பெருவிடம் 3-1 தோல்வி. அதற்குப் பிறகு இந்திய ஆண்கள் ஃபுட்பால் அணி ஒலிம்பிக் பக்கம் போகவே இல்லை. அறுபது வருஷம் தாண்டிவிட்டது.

அதே 1960-ல் இன்னொரு பெருமை. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையில் ராணுவத்தின் சர்வீசஸ் அணிக்குத் தங்கராஜ் கேப்டன். சர்வீசஸ் முதல்முறையாகக் கோப்பையை வென்றது. அடுத்த முறை அந்த அணி சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது எப்போது தெரியுமா? 2012-ல்.

கொல்கத்தாவின் மூன்று வாசல்

அன்றைய ஏணியின் உச்சிப்படி கொல்கத்தா. முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மூன்று கிளப்புகளில் ஒன்றில் ஆடினால்தான் பெரிய ஆள். ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குப் போவது அங்கே குடும்பச் சண்டைக்குச் சமம். தெருவே இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

தங்கராஜ் மூன்றுக்கும் ஆடினார். 1960-களின் தொடக்கத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங், 1963-ல் மோகன் பகான், 1965-ல் ஈஸ்ட் பெங்கால். கடைசியாகச் சொன்ன கிளப்பில்தான் 1971 வரை இருந்து ஓய்வு பெற்றார். ஒரு வெளியூர் கீப்பரை மூன்று எதிரிகளும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள் என்றால், அவர் மதிப்பு என்ன என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை.

ஜகார்த்தா 1962: இடம் மாறிய இருவர்

இப்போ அந்த ஃபைனலுக்கு வருவோம்.

ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று இந்தியா தோற்றது. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று அரை இறுதி. தாய்லாந்து ஆட்டத்தில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. கீப்பர் தங்கராஜுக்குக் காய்ச்சல். தென் வியட்நாமுடன் நடந்த அரை இறுதியில் கோல் போஸ்ட்டில் நின்றவர் பிரத்யுத் பர்மன். 3-2 என்று இந்தியா தப்பித்தது.

மைதானத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். இந்தோனேசியா அந்தப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் அனுமதிக்கவில்லை. அதை எதிர்த்து இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி பேசியது ஊர் மக்களைக் கொதிக்க வைத்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4 அன்று ஃபைனலுக்குக் கூடிய பெருங்கூட்டம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. எதிரணி, முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே தென் கொரியா.

ரஹீம் எடுத்த இரண்டு முடிவுகள் அன்றைக்கு முக்கியம். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கை டிஃபென்ஸில் இருந்து எடுத்து, அரை இறுதியில் செய்த மாதிரியே சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜை மீண்டும் கோல் போஸ்ட்டுக்கு அழைத்தார். கொரியர்கள் உயரமாகத் தூக்கிப் போடும் பந்துகளை எடுக்க அந்த உயரம் தேவைப்பட்டது.

யோசித்துப் பாருங்க. கோலைத் தடுக்கிற வேலையில் இருந்தவர் முன்னால் போய் கோல் அடிக்க நிற்கிறார். கோல் அடிக்க வந்தவர் பின்னால் நின்று தடுக்கிறார். ஒரே அணியில், ஒரே நாளில், இரண்டு திசையிலும் இடம் மாறிய இரண்டு பேர்.

17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோல். 20-வது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல், அந்த இரைச்சலுக்கு நடுவே, தங்கராஜும் அவர் முன்னால் நின்ற டிஃபெண்டர்களும் பிடித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு இந்தியாவின் உள்ளூர் ஆட்டங்கள் பல 70 நிமிடம்தான். 90 நிமிட ஆட்டத்தின் கடைசிப் பகுதி நம்ம வீரர்களுக்கு எப்போதுமே ஆபத்தான நேரம். கொரியாவுக்கு ஒரே ஒரு கோல் கிடைத்தது, அதுவும் கடைசி சில நிமிடங்களில். 2-1. இந்தியாவுக்குத் தங்கம்.

1951-ல் டெல்லியில் வென்றதற்குப் பிறகு இரண்டாவது தங்கம். அதற்குப் பின் இன்றுவரை மூன்றாவது வரவில்லை. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ரஹீம் அடுத்த வருஷம், 1963 ஜூனில், இறந்துபோனார்.

அதற்குப் பிறகு

1964-ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில், ஆங்கிலேயப் பயிற்சியாளர் ஹாரி ரைட் தலைமையில் இந்தியா இரண்டாம் இடம். தென் கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்று, இஸ்ரேலிடம் மட்டும் 2-0 என்று தோல்வி. பல நாடுகள் தகுதிச் சுற்றிலேயே விலகியிருந்தன என்பது உண்மை. ஆனாலும் ஆசியக் கோப்பையில் இந்தியாவின் சிறந்த இடம் அதுவே. அந்த அணியிலும் தங்கராஜ் இருந்தார். 1967-ல் மத்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தது.

ஒரு வரியில் கூட்டிச் சொன்னால்: மெல்போர்ன் நான்காம் இடம், ஜகார்த்தா தங்கம், ஆசியக் கோப்பை இரண்டாம் இடம். இந்திய ஃபுட்பால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மூன்று சாதனைகளிலும் இடம்பெற்ற பெயர் அவருடையது.

1971-ல் ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்சியாளர் ஆனார். கோவாவில் வாஸ்கோ கிளப்பில் இருந்தார். பிறகு இன்றைய ஜார்க்கண்டில் இருக்கிற பொக்காரோ ஸ்டீல் பிளான்ட்டில் இளம் வீரர்களைத் தயார் செய்தார். மறுபடியும் வேலையும் ஆட்டமும் சேர்ந்த அதே வாழ்க்கை. பொக்காரோவிலேயே 2008 நவம்பர் 24 அன்று காலமானார். 73-வது பிறந்தநாளுக்கு சரியாக ஒரு மாசம் இருந்தது.

இந்தக் கதை இன்றைக்கு ஏன் முக்கியம்?

இன்றைக்கு ஏணி இருக்கிறது. ஐஎஸ்எல், அதற்குக் கீழே இன்னும் சில நிலைகள், மாநில லீக், மாவட்ட லீக். கோவை, திருப்பூர், ஈரோடு என்று எங்கே பார்த்தாலும் மாலையில் டர்ஃப் விளக்கு எரிகிறது. ஆபீஸ் முடித்துவிட்டு ஒரு மணி நேரம் புக் பண்ணி ஆடுகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அங்கே கீப்பராக யார் நிற்பது என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பதும் உங்களுக்குத் தெரியும்.

1953-ல் இதெல்லாம் இல்லை. ஆனா ஒன்று இருந்தது. மாசச் சம்பளத்தோடு, தினமும் ஆடுவதற்கு நேரத்தோடு, ஒரு பையனைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்க்கிற ஒரு இடம். தப்பான இடத்தில் ஆடுகிறான் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல், சரியான இடத்துக்கு மாற்றுகிற பொறுமை. வார்டியை ஷெஃபீல்டில் உயரம் பத்தாது என்று வெளியே அனுப்பினார்கள். அவர் திரும்பி வர பத்து வருஷம் ஆனது. வெலிங்டனில் தங்கராஜுக்கு அதே ஊரிலேயே இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது.

ட்ரையலில் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு இவன் ஸ்ட்ரைக்கருக்குத் தேறமாட்டான் என்று முடிவெடுக்கிற இன்றைய அகாடமிகளும், பையன் கோல் அடித்தால்தான் திறமைசாலி என்று நம்புகிற அப்பா அம்மாக்களும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. தேறாதவன் என்று நாம் கழித்துவிடுகிறவர்களில் எத்தனை பேர் இரண்டு அடி பின்னால் நின்றிருந்தால் தேறியிருப்பார்கள்?

அடுத்த முறை மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயில் ஏறினால், குன்னூர் தாண்டியதும் ஜன்னலோரம் பாருங்க. வெலிங்டன் என்று ஸ்டேஷன் போர்டு வரும். ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் முதல்முறை கோல் போஸ்ட்டுக்கு முன்னால் போய் நின்றது அந்த ஊர் அணிக்காகத்தான்.